எங்கள் குழந்தைகளின் ஊசிக்குப் பணம் கொடுப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வெளியான சர்வதேசத் தடுப்பூசி நிதி பற்றிய கட்டுரையை இருமுறை வாசித்தேன். வறிய நாடுகள் தடுப்பூசி பெற உதவும், ‘கவி’ (Gavi) என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேசக் கூட்டமைப்புக்கு இனி நிதி வழங்கப்போவதில்லை என்று அமெரிக்கா 2025 ஜூன் மாதத்தில் அறிவித்ததையும், 2026 முதல் 2030 வரையான காலத்துக்கு அக்கூட்டமைப்பு கேட்ட 11.9 பில்லியன் டொலரில் 9 பில்லியனுக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கே அப்போது வாக்குறுதி கிடைத்ததையும் கட்டுரையாளர் சரியாகவே எடுத்துரைத்திருந்தார். ஆனால் இலங்கை போன்ற நாடுகளின் குழந்தைகள் வெளிநாட்டவரின் கருணையால்தான் ஊசி பெறுகிறார்கள் என்று அவர் எழுதியிருந்த ஒரு வரி, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் 35 ஆண்டுகள் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது அரச மருத்துவிச்சியாக, கடமையாற்றிய என்னை மிகவும் வருத்தியது.

எமது தேசிய நோய்த்தடுப்புத் திட்டம் 1978 இல் தொடங்கியது என்பதும், கவி 2000 ஆம் ஆண்டில்தான் தோன்றியது என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. 2003 இல் ஈரல் அழற்சி பி தடுப்பூசியும் 2008 இல் ஐந்து நோய்களுக்கு எதிரான ஐங்கூட்டுத் தடுப்பூசியும் அதன் உதவியோடு வந்ததை நான் மறுக்கவில்லை, அதற்கு நன்றியுடையேன். எனினும் இலங்கை அந்த உதவியிலிருந்து வெளியேறிப் பத்தாண்டுகள் ஆகின்றன. கவியிடம் உதவி பெறும் மிக வறிய நாடுகள்கூடப் பொதுவாக ஒரு தடவைக்கான மருந்துக்கு 20 அமெரிக்க சதத்தைத் தம் பணத்திலிருந்து செலுத்துகின்றன. வருமானம் உயர உயர அந்தப் பங்கும் உயர்கிறது. இந்த ஏற்பாட்டைக் கருணை என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட முடியுமா?

மருந்து வந்து இறங்கிவிட்டால் குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1990 இற்குப் பின், போரால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. தடுப்பூசி கெடாமல் காக்க மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியே இருந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதான நாட்களில் எங்கள் வீட்டுப் பங்கையும் கொண்டுபோய் அதில் ஊற்றியிருக்கிறேன். என் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். மூன்று நோய்களுக்கு எதிரான முக்கூட்டு ஊசியையும் சின்னமுத்து (தட்டம்மை) ஊசியையும் குளிர்ப்பெட்டியில் வைத்து, சைக்கிளில் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோனோம். பின்னர் போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் போரை நிறுத்திய நாட்களில், பத்திரிகைகளில் வந்த படங்களில் பெரும்பாலும் வெளிநாட்டு அதிகாரிகளே நின்றார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. 1993 இற்குப் பின் இந்நாட்டில் ஒரு குழந்தையும் போலியோவால் முடங்கவில்லை என்பதற்காக உழைத்த மருத்துவிச்சிகளின் ஒரு படத்தைக்கூட நான் பார்த்த நினைவில்லை.

கருணை என்ற சொல்லுக்கு நான் அஞ்சுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தானம் கொடுப்பவரிடம் கணக்குக் கேட்க முடியாது. வரி வாங்கும் அரசிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என் கடைசி ஆண்டுகளில் ஒரு கிளினிக்கின் பழுதான குளிர்சாதனப் பெட்டியைத் திருத்தித் தரும்படி கேட்டபோது, வெளிநாட்டு உதவித் திட்டம் முடிந்துவிட்டதால் பணமில்லை என்று ஓர் அதிகாரி பதிலளித்தார். வெற்றிடங்கள் நிரப்பப்படாமல் ஒருவரே இரண்டு பிரிவுகளைப் பதில் கடமையாகப் பார்த்தபோதும் அதே பதில்தான். 2022 இல் சாதாரண மருந்துகளே கிடைக்காதிருந்த போதும் குழந்தைகளுக்கான தடுப்பூசி நின்றுபோகவில்லை. தடுப்பூசிக்கான ஒதுக்கீட்டைக் காத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் 2019 இல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023 இல் மீண்டும் பரவியது. 2024 ஜனவரியில் ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. ஊசி தவறிய சில பிள்ளைகள் போதும், நோய் திரும்பி வருவதற்கு.

அடுத்த வரவு செலவுத் திட்டச் சிறப்பிதழில், தடுப்பூசிக் கொள்வனவுக்கு ஒதுக்கப்படும் தொகையையும் முந்தைய ஆண்டின் தொகையையும் அருகருகே ஒரு வரியில் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
வடமராட்சி.