அல்வாவை விட்டால் ஏற்பி அடங்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில், 'செல்லின் மேல் ஒட்டியுள்ள சர்க்கரைதான் புற்றுநோயை வளர்க்கிறது. அல்வாவை நிறுத்தினால் அது உதிர்ந்துவிடும்' என்று படித்தேன். திருநெல்வேலிப் பதிப்பு என்பதால் அல்வா. மற்றப் பதிப்புகளில் எந்தப் பலகாரமோ!

தாங்கள் அறியாததல்ல. ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்து, செல்லை வளரச் சொல்லும் புரதம்தான் செல்லின் மேலுள்ள ஈ.ஜி.எஃப். ஏற்பி. அதன் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலி, வாயில் போட்ட இனிப்பு போய் ஒட்டிக்கொள்வதல்ல. புரதம், செல்லின் பட்டறையான எண்டோபிளாச வலைக்குள் நுழையும்போதே 14 சர்க்கரைகள் கோத்த சங்கிலியை ஒரு நொதி மொத்தமாகத் தூக்கி அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றுகிறது. அமினோ அமில வரிசையில் அதற்கடுத்த இடத்தில் புரோலின் இருக்கக் கூடாது; அதையும் தாண்டினால் செரினோ திரியோனினோ இருந்தாக வேண்டும். பிறகு செல்லின் அடுத்த பட்டறையான கோல்கியில் வெட்டும் ஒட்டும் வேலை. அங்கே எம்காட்-5 நொதி ஒரு கிளையைக் கூட்டிவிட்டால், கேலக்டின்-3 என்ற புரதம் அதைப் பிடித்து ஏற்பிகளைப் பின்னிப்போடும். செல் அவற்றை உள்ளே இழுக்கத் தாமதமாகும். வளர்ச்சிச் சமிக்ஞையும் நீளும்.

சரி, சங்கிலியை எடுத்துவிட்டால்? 420ஆம் அஸ்பராஜினில் உள்ளதை மட்டும் நீக்கினால், வளர்ச்சிக் காரணி வராமலேயே ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. ஜோடி சேர்வதுதான் சமிக்ஞைக்கு முதல் படி. நுரையீரல் புற்றுச் செல்களிலோ சங்கிலி நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை கூடினால் ஜோடி சேர்வது குறைகிறது. எது 'உதிர வேண்டும்' என்று உங்கள் நிபுணர் சொல்லட்டும்.

இது முதல் முறையும் அல்ல. முன்பு, புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம் போட்டு, பட்டை 170 கிலோடால்டனிலிருந்து 130 பக்கம் இறங்கியதை 'ஏற்பி அழிந்தது' என்று எழுதினீர்கள். பிஎன்ஜியேஸ்-எஃப் என்ற நொதி சர்க்கரையை வெட்டினால் பட்டை இறங்கத்தான் செய்யும். புரதம் அங்கேயேதான் இருக்கிறது. இன்னொரு படத்தில், வெளிப்பக்கம் இருக்க வேண்டிய சங்கிலி செல்லுக்கு உள்பக்கம் தொங்கியது. உடன்குடிக் கருப்பட்டியைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாக்கியபோதும் பேசாமல் இருந்தோம். அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான் ஐயா.

சங்கிலிக்கான மூலப்பொருள் குளுக்கோஸிலிருந்து வருவது உண்மை. ஆனால் அல்வாவை விட்டால் சோறு தரும். சோற்றையும் விட்டால் கல்லீரலே செய்து தரும். கீமோ எடுப்பவர் உங்கள் பக்கத்தை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்தால், இறங்குவது அவர் எடைதான்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை