கிராண்டவுனிலிருந்து அப்பாவுக்கு

கிராண்டவுன்-ஆன்-ஸ்பே,
ஸ்காட்லாந்து.
5 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "மலை ஏன் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி கிடக்கு, யாரு தீ வெச்சா?" என்று போனில் கேட்டீர்கள். அது நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை. இன்று ஞாயிறு, டூட்டி கிடையாது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீ தானாகப் பிடித்ததில்லை. வேண்டுமென்றே வைக்கிறார்கள். இந்த மலைகளில் மரம் குறைவு. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்று ஒரு குத்துச்செடிதான் கண்ணுக்கெட்டிய வரை. அதில் க்ரௌஸ் என்ற பறவை வாழ்கிறது, நம்ம கவுதாரி இனம்தான், கொஞ்சம் பெரிது. ஹெதரின் இளந்தளிர் அதற்குத் தீனி, முற்றிய செடி அதற்கு மறைவிடம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குஞ்சுகள் நிறையப் பிழைக்கும். அதற்காகத்தான் பட்டை பட்டையாக எரித்துத் துளிர்க்க விடுகிறார்கள். அப்புறம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை அதே பறவையைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பணக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து வரிசையாக மறைவில் நிற்பார்கள். கூலிக்கு வந்த ஆட்கள் கொடியை அசைத்துக்கொண்டு பறவைகளை அவர்கள் பக்கம் விரட்டிவிடுவார்கள். எஸ்டேட்டுக்கு இது வருமானம், கௌரவமும் கூட.

தீ வைப்பது, நரியையும் காக்கையையும் கட்டுப்படுத்துவது, கண்ணி வைப்பது எல்லாம் கேம்கீப்பர் என்கிறவரின் வேலை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர், ஆயுசு முழுக்க மலையில் கிடந்தவர். போன வருஷத்திலிருந்து அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, இந்த வேட்டைக்கும் தீக்கும் கட்டுப்பாடு கொண்டுவரும் சட்டத்தைப் பற்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழு நடத்திய விசாரணையை டேப்லெட்டில் பார்ப்பது. காலையில் அவருக்கு ஷேவ் செய்துவிடும்போது சத்தம் காதில் விழுந்து விழுந்து எனக்கும் பாதிச் சட்டம் மனப்பாடம் ஆகிவிட்டது.

கதை கழுகில் தொடங்குகிறது. பொன்னிறக் கழுகுகளின் முதுகில் சின்னக் கருவி மாட்டி செயற்கைக்கோள் வழியே கண்காணித்தார்கள். 2004 முதல் 2016 வரை அப்படி 131 பறவைகள். அதில் 41 சந்தேகப்படும்படியாகக் காணாமல் போயின என்று 2017-இல் ஓர் அறிக்கை வந்தது. கருவி நன்றாக வேலை செய்துகொண்டே இருக்கும், திடீரென்று சிக்னல் நின்றுவிடும், பறவையும் கிடைக்காது. அவற்றில் பல, க்ரௌஸ் சுடும் மலைகளை ஒட்டி. கழுகும் பூனைப்பருந்தும் க்ரௌஸைத் தின்னும் என்பதால் யாருக்கு அவற்றின் மேல் கோபம் என்று யோசிக்க அதிக மூளை வேண்டாம். ஆனால் நிரூபிக்க முடிந்ததா? நாற்பது கிலோமீட்டர் மலையில் விஷம் வைத்தவனைப் பார்த்தது யார்?

அரசு, வெரிட்டி என்ற பேராசிரியர் தலைமையில் குழு போட்டது. 2019 டிசம்பரில் அறிக்கை வந்தது. ஐந்து வருஷம் பொறுத்துப் பார்ப்போம், அதற்குள் பறவைகளின் நிலைமை தேறாவிட்டால் க்ரௌஸ் வேட்டைக்கு லைசென்ஸ் கொண்டுவரலாம் என்றது குழு. அரசு அந்த ஐந்து வருஷம் காத்திருக்கவில்லை. பெரியவருக்கு இதுதான் தீராத மனக்குறை. "தவணை கொடுத்தவனே தவணையைப் பிடுங்கிக்கொண்டான்" என்கிற அர்த்தத்தில் தினமும் ஒரு தரம் சொல்லிவிடுவார்.

2023 மார்ச்சில் மசோதா வந்தது. ஊரக விவகாரக் குழு கேம்கீப்பர்களைக் கூப்பிட்டது, பறவை ஆர்வலர்களைக் கூப்பிட்டது, விஞ்ஞானிகளைக் கூப்பிட்டது, வரி வரியாகக் கேள்வி கேட்டது. கடைசியில் இந்த வருஷம் மார்ச் 21 அன்று 85-க்கு 30 என்று நிறைவேறியது. ஏப்ரல் 30 அன்று அரசர் ஒப்புதலும் வந்துவிட்டது. முடிக்கிற கட்டத்தில் பொறுப்பேற்ற அமைச்சர் ஜிம் ஃபேர்லி முன்பு ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர். உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன்.

சட்டத்தின் முக்கியமான இடம் லைசென்ஸ்தான். இனிமேல் க்ரௌஸ் சுட லைசென்ஸ் வேண்டும். அந்த நிலத்தில் காட்டுயிர்க் குற்றம் நடந்திருக்கிறது, உரிமம் வாங்கியவரோ நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவரோதான் செய்தார் என்று நேச்சர்ஸ்காட் என்ற அரசு அமைப்புக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும், உரிமத்தை நிறுத்தலாம், பறிக்கலாம். கோர்ட்டில் தண்டனை கிடைக்க வேண்டிய அவசியம் இல்லை. பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம். குற்றம் நிரூபிக்காமல் எப்படிப் பிழைப்பில் கை வைக்கலாம் என்கிறார். நியாயமான கேள்விதான். எனக்கும் முதலில் அது உறுத்தியது. ஆனால் மலையில் சாட்சி கிடையாது. கோர்ட்டுக்குத் தேவையான அளவு ஆதாரம் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் நூறு வருஷம் ஆனாலும் யாரும் மாட்ட மாட்டார்கள், கழுகுதான் போய்க்கொண்டே இருக்கும். ஜெயிலில் போடுவது வேறு, வேட்டை உரிமத்தை நிறுத்துவது வேறு. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, காப்பி ஆறிப்போகும்.

விசாரணையில் எஸ்டேட்காரர்களுக்கும் ஒன்று கிடைத்தது. மசோதாவில் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான் என்று இருந்தது. இப்போது ஐந்து வருஷம் வரை கொடுக்கலாம். வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டுக்கொண்டு எப்படி ஆளுக்குச் சம்பளம் போடுவது, எப்படி முதலீடு செய்வது என்று அவர்கள் கேட்டதில் அர்த்தம் இருந்தது.

தீ விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை எரிப்பதற்கென்று இருக்கிற சீசனுக்குள் என்றால் உரிமம் இல்லாமலே எரிக்கலாம். இனி எங்கே எரித்தாலும் லைசென்ஸ் வேண்டும். சீசனும் மார்ச் 31-உடன் முடிந்துவிடும், முன்பு ஏப்ரல் 15 வரை இருந்தது. ஏப்ரலில் தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடத் தொடங்கிவிடும் அல்லவா? அதோடு, ஹெதருக்கு அடியில் பல இடங்களில் பீட் என்கிற கறுப்பு மண் இருக்கிறது. செடி மட்காமல் தண்ணீரில் ஊறி ஊறிப் படிந்தது. வருஷத்துக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அந்தச் செடிகளின் கார்பன் அதில் பூட்டிக் கிடக்கிறது. அந்த மண் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் அது பீட் நிலம், அங்கே க்ரௌஸுக்காக எரிக்கவே முடியாது. காட்டுத்தீயைத் தடுக்க, இயற்கையை மீட்க, ஆராய்ச்சி செய்ய மட்டும் அனுமதி. முந்தைய விதிமுறையில் 50 என்று இருந்தது. பத்து சென்டிமீட்டருக்கு இவ்வளவு வாக்குவாதமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்குப் போட்டால் அது நூறு வருஷத்து மண். சரி, சண்டை போடலாம்தான். இனி கம்பியைக் குத்திக் குத்தி ஆழம் பார்த்துக்கொண்டு அலைய வேண்டும் என்று பெரியவர் முனகுகிறார்.

உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது சுருக்குக் கம்பி. அதை முழுசாகத் தடை செய்துவிட்டார்கள். எந்த நாளிலிருந்து என்பதை மட்டும் இன்னும் அறிவிக்கவில்லை. எலி ஒட்டுகிற பசை அட்டைக்கும் தடை. பறவைக் கூண்டுப் பொறி மாதிரி சிலவற்றுக்குப் பயிற்சியும் உரிமமும் வேண்டும். நரிக்கு வைக்கிற சுருக்கில் பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கு மாட்டுகிறது, வீட்டுப் பூனை மாட்டுகிறது, கழுத்தில் மாட்ட வேண்டியது இடுப்பில் மாட்டி ராத்திரி முழுக்கத் துடிக்கிறது என்பது ஒரு பக்கம். முட்புதருக்குள் நரியைத் துப்பாக்கியால் சுட முடியாது, இரவில் பார்க்கும் கருவியும் உதவாது, நரியை விட்டுவைத்தால் ஆட்காட்டிக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது என்பது இன்னொரு பக்கம். உரிமத்தோடு மேம்பட்ட சுருக்கையாவது அனுமதியுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. இந்த ஒன்றில் எனக்குப் பெரியவர் பக்கமும் கொஞ்சம் சாய்வு உண்டு. பன்றி ஒரே ராத்திரியில் புரட்டிப்போட்ட கடலை வயலைப் பார்த்து வளர்ந்தவள் நான். இருந்தாலும் நம்ம பக்கத்தில் பன்றிக்கு வைத்த சுருக்கில் வேறு என்னென்ன மாட்டுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் இங்கே முதல்வர் ஹம்சா யூசஃப் போன திங்கட்கிழமை ராஜினாமா அறிவித்துவிட்டார். பசுமைக் கட்சிக் கூட்டணியை முறித்ததில் வந்த வினை. காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் இந்த நாடாளுமன்றத்துக்கு எனக்கும் ஓட்டு உண்டு, தெரியுமா? பெயரைப் பதிந்துவிட்டேன். அடுத்த தேர்தல் 2026-இல். நீங்கள் ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை காத்திருப்பதை இங்கே சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.

பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன், அம்மாவுக்கு இந்த மாதம் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். தேர்தல் விதிமுறை முடிந்ததும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் மறுபடி நடக்குமே, பன்றிக்கு நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். வனத்துறை ஆள் என்ன பதில் சொன்னார் என்று அப்படியே எழுதுங்கள். பெரியவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்
செல்வி