கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள், டாக்டர்

வட சென்னையில் எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தின் டாக்டருக்கும், அவருக்கு மேலே இருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் என் பெட்டைக்கோழியைக் கூடையில் வைத்து, மேலே துணி மூடி உங்கள் மருந்தகத்துக்குக் கொண்டுவந்தேன். அதன் கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அப்பியது போல அடை கட்டியிருக்கிறது. விரலை ஊன்ற முடியாமல் நொண்டுகிறது. பல மாதமாகக் குறைவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது. சீட்டு எழுதியவர் அந்தத் துணியைக்கூட விலக்கவில்லை. "கோழிதானேம்மா, அறுத்துக் குழம்பு வெச்சிடுங்க" என்றார். பின்னால் நாயோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பாக்கெட் பவுடரை நீட்டினார். எவ்வளவு போடுவது, எத்தனை நாள் கழித்து மறுபடி போடுவது, அந்தக் கோழியின் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, எதுவும் சொல்லவில்லை. வீட்டில் வந்து படித்துப் பார்த்தால் அது நாய் உண்ணிக்கான பவுடர்.

நான் கேட்பது ஒன்றுதான். மருந்து கொடுக்கும் முன் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

கோழித் தோலில் வருவதெல்லாம் ஒரே நோய் இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். காலில் அடை கட்டுவது செதிலுக்கடியில் துளைத்துக் குடியிருக்கும் செள் என்ற நுண்ணிய பூச்சியால். கொண்டையிலும் தாடியிலும் கறுத்த பொருக்கு கட்டினால் பெரும்பாலும் அம்மை. அது வைரஸ், கொசு கடித்தும் பரவும், எந்தச் செள் மருந்துக்கும் கேட்காது. ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருந்தால் பேன். சிவப்புச் செள்ளோ பகலில் கோழி மேலேயே இருக்காது. கூண்டின் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும். இருட்டியதும் டார்ச் அடித்து, கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் ரத்தக் கோடு விழுகிறது. எங்கள் மாடிகளில் இருப்பதெல்லாம் பழைய பிளைவுட்டில் அடித்த கூண்டுகள், இடுக்குக்குப் பஞ்சமில்லை. கூண்டை அப்படியே விட்டுவிட்டுக் கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் எப்படிப் போகும்? ஒரு தடவையோடு நிறுத்தினால் மிச்சமிருக்கும் முட்டை பொரித்து மறுபடி கிளம்பும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால்தான் எங்கள் தெருவில் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து அதில் காலை முக்குகிறார்கள். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு அப்படிச் செய்து, செதிலோடு தோலும் உரிந்து சதை தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊற வைத்து, அடையைப் பிய்த்து எடுக்காமல் பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, ஈரம் துடைத்து, வாஸ்லைனைக் கனமாகத் தடவினால் செள்ளுக்கு மூச்சு முட்டும், வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்? முற்றிப்போனால் ஐவர்மெக்டின் என்ற செள் மருந்து தேவைப்படலாம். அதற்கு எடை பார்த்து அளவு சொல்வதும், முட்டையை எத்தனை நாள் ஒதுக்குவது என்று சொல்வதும் உங்களால்தான் முடியும். அதற்காவது கோழியைக் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

அம்மைத் தடுப்பூசியும் இப்படித்தான். கலக்கிய குப்பியைச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பண்ணைக் கணக்கில் வரும் குப்பியை வைத்துக்கொண்டு நாலைந்து கோழி வளர்ப்பவர் என்ன செய்வார்? பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறீர்கள். பக்கிங்காம் கால்வாய்க் கொசுவோடு வாழும் எங்களுக்கு அம்மைக்கும் ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?

ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது, அனல் மின்நிலையச் சாம்பல் எண்ணூருக்கு வருகிறது. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இத்தனை படிப்பு இருந்தும், காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் மாடியில் கோழி வளர்ப்பவர்கள் கழிவு ஆயிலைத் தேடிப் போகிறார்கள் என்றால் வயிறு எரிகிறது. எங்கள் பக்கம் என்றாலே இது போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? கறிக்கென்று நான் இதை வளர்க்கவில்லை. கறிக்கே வளர்த்தாலும் அதற்கு வலிக்காதா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து வாரத்தில் ஒரு காலைப்பொழுதைக் கோழிகளுக்கென்று ஒதுக்குங்கள். அன்று கோழியைக் கையில் எடுத்து, இறகை விலக்கிப் பார்த்து, தேவையானால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதுங்கள். மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் தடவக் கூடாது என்று வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். பலகைக்கான செலவைத் தெருக்காரர்கள் நாங்களே சேர்த்துத் தருகிறோம். என்ன எழுதுவது என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வட சென்னையில் கோழி வளர்க்கும் ஒருத்தி