காணும் பொங்கலுக்கு வா

பாப்பா,

டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போடட்டுமா என்று நேற்று போனில் கேட்டாய், உடனே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. போன தடவை சின்னவனுக்கு வீசிங் வந்து நீ விடிய விடிய அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதை நினைத்துத்தான்.

மழை பெய்தால் காற்று சுத்தமாகிவிடும் என்கிறாய். பாதிதான் சரி. காய்ந்த இலை, குப்பையில் வளர்கிற கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா மாதிரிப் பூஞ்சைகளின், வீசிங்கைக் கிளப்பிவிடக்கூடிய தூள் மாதிரி வித்துகள் வெயிலும் காற்றும் இருக்கிற பகலில் கிளம்பும், நல்ல மழை அடித்தால் அடங்கிவிடும். ஆனால் முதல் துளிகள் விழும்போது புழுதியோடு அவையும் குப்பென்று மேலே எழும். அப்புறம், ஈரம் குடித்தால்தான் வித்தைப் பீய்ச்சுகிற வகையும் இருக்கிறது, காளான்களும் அப்படித்தான். மழை பெய்யும்போதும் பெய்து விட்ட பிறகும், பின்னிரவிலும் விடியற்காலையிலும் அவைதான் காற்றில் அதிகம். அவனுக்கு மூன்று மணிக்கு இருமல் வந்ததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனாலும் அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தது நான்தான், அது இன்னும் உறுத்துகிறது.

வெளியே இப்படி என்றால், வீட்டுக்குள் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வியாசர்பாடியில் நம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்ததும் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கருப்பும் பச்சையுமாகப் பூசணம், விரலை வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது. உன் கல்யாணப் புடவை மடிப்பில்கூட வெள்ளையாகப் பூத்திருந்தது. நனைந்த பொருளில் ஒன்றிரண்டு நாளிலேயே பிடித்துவிடுகிறது. அப்பா சுவர் காயட்டும் என்று விட்டு, காய்ந்ததைத் துடைப்பத்தால் தட்டினார், அத்தனையும் அறைக்குள் பறந்தது. ஈரத்துணியால் ஒற்றித் துடைத்திருக்க வேண்டும். அந்தச் சுவரில் இந்த வருஷமும் ஓதம் ஏறியிருக்கிறது, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது.

அதனால் தை பிறக்கட்டும். மழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்ததும் பூச்சைச் சுரண்டி வேறு பூசச் சொல்லியிருக்கிறேன். போகிக்கு முன்னால் மட்டும் வந்துவிடாதே, நம் பக்கம் டயர் புகை அடங்கவே ஒரு நாள் ஆகும். காணும் பொங்கலுக்கு வா. அவன் இன்ஹேலர், அதில் மாட்டுகிற ஸ்பேசர் குழாய் இரண்டையும் கைப்பையிலேயே வை, பெரிய பெட்டியில் போடாதே. காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

அம்மா