வெளியேறும் முத்திரையைப் போட்டுவிட்டுக் கம்பத்தைத் தூக்குங்கள்

நிலவழி எல்லைச் சாவடிகளில் பணியில் இருக்கும் சுங்க அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து விதி வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கார்னெட் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்பதால்தான் நாங்கள் அதை எடுத்து வருகிறோம். உங்கள் நாட்டில் வண்டியை விற்க மாட்டோம், விட்டுவிட்டும் வர மாட்டோம், ஒழுங்காகத் திரும்ப ஓட்டிப் போய்விடுவோம் என்பதற்கான உறுதிப் பத்திரப் புத்தகம் அது. அதற்காக, கார்னெட்டைக் கொடுத்து எங்களுக்காக உங்களிடம் பொறுப்பேற்கும் மோட்டார் சங்கத்தில் டெபாசிட் கட்டி, அல்லது வங்கி உத்தரவாதம் கொடுத்து, அதன் பிறகுதான் சாவியைத் திருப்புகிறோம். என் வண்டியும் சொன்னபடி திரும்பி வந்துவிட்டது. வந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சியாக நீங்கள் போட வேண்டிய ஒரு முத்திரைதான் விழவில்லை.

நடந்தது இதுதான். திரும்பும் வழியில், அந்த நாட்டை விட்டு வெளியேறும் சாவடியில், குடிநுழைவுக்காரர் என் பாஸ்போர்ட்டில் சீல் வைத்துவிட்டார். அடுத்த அறை சுங்கம், கதவு பூட்டியிருந்தது. அதிகாரி எங்கே என்று கேட்டேன். வருவார் என்றார்கள். காத்திருந்தேன். பின்னால் லாரிகள் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் தடுப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற சீருடைக்காரர் வந்து, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, முத்திரை தேவையில்லை, கிளம்புங்கள் என்றார். தேவை என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, கம்பத்தைத் தூக்கினார். சீருடை போட்டவர் போ என்று கையைக் காட்டும்போது, எல்லைக்கோட்டின் மேல் நின்றுகொண்டு ஒரு சாதாரண ஆள் எவ்வளவு நேரம் வாதாட முடியும்?

கார்னெட்டின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது கீழ்த் துண்டைக் கிழித்து வைத்துக்கொள்கிறீர்கள். வெளியேறும்போது நடுத் துண்டைக் கிழிக்க வேண்டும். மேல் துண்டு எங்களிடமே இருக்கும், அதில் நுழைவுக்கு ஒன்று, வெளியேற்றத்துக்கு ஒன்று என்று இரண்டு முத்திரை விழ வேண்டும். என் புத்தகத்தில் அந்த நாட்டுப் பக்கத்தின் நடுத் துண்டு கிழிபடாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததுமே மோட்டார் சங்கத்தின் ஊழியர் முகம் மாறிவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது, வேண்டுமானால் கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள் என்றேன். அவர் எட்டிப் பார்க்கவும் செய்தார். பார்த்துவிட்டு, "காகிதப்படி வண்டி இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறது" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாளைக்கு அந்த நாட்டுச் சுங்கத்துறை, வண்டி உள்ளே வந்தது, வெளியே போகவில்லை, ஆகவே இறக்குமதி வரியைக் கட்டு என்று எழுதினால் முதலில் மாட்டுவது சங்கம்தான். சங்கம் என் டெபாசிட்டில் கை வைக்கும். வரி என்றால் ஏதோ சில்லறைத் தொகை அல்ல. சில நாடுகளில் அது வண்டியின் விலையையே தாண்டும்; டெபாசிட்டை அவ்வளவு உயரத்தில் வைப்பதற்குக் காரணமே அதுதான். நான் விற்காத வண்டிக்கு, விற்றுவிட்டது போலக் கணக்கு. காலையில் அதே வண்டியைத்தான் துடைத்துவிட்டு வேலைக்கு ஓட்டிப் போகிறேன்.

என்னதான் வழி என்று கேட்டால், திரும்ப அங்கே போய் முத்திரை வாங்கி வாருங்கள் என்று யோசனை சொல்கிறார்கள். போகலாம். ஆனால் அந்த நாட்டுக்குள் வண்டியோடு போக மறுபடியும் கார்னெட் வேண்டும், மறுபடியும் ஒரு நுழைவு முத்திரை விழும். வண்டி இல்லாமல் நான் மட்டும் போனால், "வண்டி எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. தனியார் வாகனங்களின் தற்காலிக இறக்குமதிக்கென்று 1954-ல் நியூயார்க்கில் ஐ.நா. ஒரு சுங்க உடன்படிக்கை செய்தது. முத்திரை விடுபட்டுப் போகும் என்பதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். வண்டி நாட்டுக்கு வெளியேதான் இருக்கிறது என்று தூதரகமோ, சுங்கமோ, காவல்துறையோ நேரில் பார்த்துச் சான்று கொடுத்தால் அதை ஏற்கலாம் என்று அதில் இருக்கிறது. கார்னெட்டின் காலம் முடிந்து ஓராண்டுக்குள், வண்டி வெளியேறியதற்குப் பதிவு இல்லை என்று சுங்கத்துறை சங்கத்துக்கு அறிவிக்கவில்லை என்றால் பிறகு சங்கத்திடம் வரி கேட்கும் உரிமை கிடையாது என்றும் இருக்கிறது. அறிவித்துவிட்டாலோ, வண்டி வெளியேறியதை நிரூபிக்கச் சங்கத்துக்கு ஓராண்டு அவகாசம். நல்ல விதிகள்தான். ஆனால் அந்த ஆண்டுகள் எல்லாம் யாருடைய பணத்தின் மேல் ஓடுகின்றன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் அறிவிப்பீர்களா, மாட்டீர்களா என்று தெரியும்வரை சங்கம் டெபாசிட்டைத் தராது. நீங்களோ ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். உங்களைப் பொறுத்தவரை இது ஒரு நிலுவைக் கோப்புகூட அல்ல. யாரோ ஒரு மதியம் பூட்டிவிட்டுப் போன கதவு, அவ்வளவுதான்.

வண்டி இங்கேதான் இருக்கிறது என்று சொல்லும் அந்த இருப்பிடச் சான்றையும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்துச் சுங்க அலுவலகத்தில் அப்படி ஒரு சான்றை யாரும் கேட்டதே இல்லையாம். சேஸிஸ் எண்ணைப் பார்த்துச் சொல்ல மெக்கானிக் வேண்டுமாம், மெக்கானிக் சொன்னால் அது அரசுச் சான்று ஆகாதாம். கார்னெட்டிலேயே அதற்கென்று இடம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டினேன். மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வெளியேறும் முத்திரையைப் போட்டுவிட்டுக் கம்பத்தைத் தூக்குங்கள். போடும் அதிகாரி இல்லையென்றால் கம்பத்தைத் தூக்காதீர்கள். நான் காத்திருக்கிறேன், லாரிகளும் காத்திருக்கட்டும். அப்போதாவது யாராவது போய் அவரைக் கூட்டி வருவார்கள்.

உள்ளே வரும்போது உங்கள் கவனத்தில் ஒரு குறையும் இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்னெட்டில் வண்டியின் நிறம், எடை, இன்ஜின் எண், எத்தனை சிலிண்டர், எத்தனை இருக்கை, இருக்கை உறை என்ன வகை, ரேடியோ எந்தத் தயாரிப்பு, உபரி டயர் எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. உபரி டயரைக் கீழே இறக்கி எண்ணிப் பார்த்த அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். டயர் ஒன்றை உங்கள் நாட்டில் விற்றுவிடுவேனோ என்ற கவலை! டயர் மேல் உள்ள அந்த அக்கறையில் பாதி, முழு வண்டியும் வெளியே போகும்போது இருந்தால் போதும். கல்யாண வீட்டில் வாசலில் நின்று வரவேற்கப் பத்துப் பேர், பந்தி முடிந்து வழியனுப்ப ஒருவரும் இல்லாத கதையாக இருக்கிறது.

அப்புறம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. 1949-ன் ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒரு வகை, 1968-ன் வியன்னா உடன்படிக்கைப்படி இன்னொரு வகை. ஒரு நாடு இதை ஏற்கும், பக்கத்து நாடு அதைத்தான் கேட்கும். ஒரே மனிதன், ஒரே ஸ்டியரிங், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வண்டி ஓட்ட மறந்துவிடுவான் போலிருக்கிறது. காப்பீட்டுக் கதையை இதில் சேர்த்தால் இந்த மடல் முடியாது, விட்டுவிடுகிறேன். கார்னெட் கேட்காமல், எல்லையிலேயே ஒரு தற்காலிக அனுமதித் தாள் கொடுத்து அனுப்பும் நாடுகளும் இருக்கின்றன, அங்கெல்லாம் நாட்டில் வண்டிகள் குவிந்து யாரும் திண்டாடியதாகத் தெரியவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். எல்லைச் சாவடியில் வெயிலிலும் புகையிலும் நாள் முழுக்க நிற்பது லேசான வேலை இல்லை. ஓர் ஆளை மூன்று மேசைக்கு வைத்திருப்பது அவர் குற்றமும் இல்லை. அதனால்தான் மேலே இருக்கிறவர்களையும் சேர்த்து விளிக்கிறேன். வெளியேறும் பக்கத்தில் சுங்கத்துக்கு ஓர் ஆள் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் குடிநுழைவு அதிகாரியே அந்த முத்திரையைப் போடலாம் என்று ஓர் உத்தரவு கொடுங்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பது உண்மையானால், அந்தப் பதிவை அச்செடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மோட்டார் சங்கத்திடம் காட்ட அதுவும் ஒரு சாட்சிதான். இவற்றில் எதுவும் முடியாதென்றால், முத்திரை விடுபட்டவர்கள் இருப்பிடச் சான்றை அனுப்பும்போது அதற்குப் பதிலாவது எழுதுங்கள்.

என் சேஸிஸ் எண்ணும், நுழைவு முத்திரையின் தேதியும், நான் வெளியேறிய அதே நாளில் அடுத்த நாட்டில் விழுந்த நுழைவு முத்திரையின் நகலும் உரிய அலுவலகத்துக்கு ஏற்கெனவே பதிவுத் தபாலில் போயிருக்கின்றன. அந்த உறையைத் தயவுசெய்து பிரித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெபாசிட் திரும்பி வராத ஒரு வண்டிக்காரர்