செம்மறிக்கும் ஒரு நாள் கொடுங்கள்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

மாட்டுக்கு இந்த மாவட்டம் எந்தக் குறையும் வைத்ததில்லை. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே வாடிவாசல் பக்கம் திரும்பிவிடுகிறது. போதாததற்கு 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து அரங்கமே திறந்தாயிற்று. நல்லதுதான். ஆனால் ஆடு என்றால் நம் ஊர்க்காரர்களுக்குக் கறிதோசையும் எலும்புக் குழம்பும்தான் நினைவுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்குப் போகிறவர்களும் உயிர் எடை எவ்வளவு, கறி எவ்வளவு தேறும் என்றுதான் பார்க்கிறார்கள். செம்மறிக்கு வருடத்தில் ஒரு நாள் விழா எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1974இல் தொடங்கிய ஆட்டு விழா ஒன்று மே மாதத்தில் நடந்துவருகிறது. அதில் ஒரு போட்டி: ஒரு குழு ஆட்டின் ரோமத்தைக் கத்தரித்து, நூலாக நூற்று, சில மணி நேரத்தில் சால்வையாகவே நெய்து முடிக்க வேண்டும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் பக்கத்துக் கீழக்கரிசலோ, கச்சைகட்டிக் கருப்போ, வேம்பூர்ப் பொட்டாடோ, ராமநாதபுரம் வெள்ளையோ கம்பளி தருகிற ஆடுகள் இல்லை. எல்லாமே முடி ஆடுகள். தமிழ்நாட்டில் கம்பளி என்றால் நீலகிரி, கோயம்புத்தூர், திருச்சிக் கருப்பு என்று வடக்கேயும் மேற்கேயும்தான் போக வேண்டும். அந்த ஆடுகளையும், முரட்டுக் கம்பளி நெய்யத் தெரிந்த குறும்பர்களையும் விருந்தாளிகளாக அழைத்து ஒரு மூலையில் தறி போட்டுக்கொடுங்கள், போதும். பிள்ளைகள் தக்ளியைத் தொட்டுப் பார்க்கட்டும்.

நம்மிடம் இருப்பது கிடை. விழாவை அதைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். அறுவடை முடிந்த வயலில் இரவு முழுக்க மந்தையை அமர்த்துகிறார்கள். விடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போன கையோடு வயலுக்காரர் உழுது புழுக்கையை மண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவில் என்றால், ஆட்டு எருவில் 3 சதவீதம் வரை இருக்கிறது. மூத்திரத்தின் சத்து தனி. ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் மந்தை மேய்க்கிற கீதாரியைத் தேடிப் போகலாம் என்பது இன்றைய இளம் விவசாயிகள் பலருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அரங்கம் வேண்டாம். பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாற்றுக் கால்வாயில் 45,041 ஏக்கர் இருபோகம் விளைகிறது. இரண்டாம் போகம் அறுத்த பிறகு வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் தாள் நிற்கிற வயல் ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். கச்சைகட்டி ஊரும் பக்கத்தில்தான். இடத்துக்கு வாடகை கேட்க மாட்டார்கள். விழா முடிந்த இரவில் அதே வயலில் கிடை போட்டால் வயலுக்காரர் நமக்கு டீ வாங்கிக் கொடுப்பார். மாசி, பங்குனி என்றால் இன்னொரு வசதி. அடுத்து வருவது சித்திரைத் திருவிழா. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்ச ஆட்டுத்தோலில் பை தைக்கிறவர்கள் அப்போது வேலையில் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு கடை ஒதுக்கலாம்.

நேரத்தையும் ஆட்டைக் கேட்டு வையுங்கள். பத்து மணிக்கு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றுகிற வழக்கம் இங்கே ஆகாது. அந்நேரம் மந்தை மேய்ச்சலில் இருக்க வேண்டும். விடியற்காலையில் ஆடுகளைப் பார்வைக்கு நிறுத்துங்கள், வெயில் ஏறுமுன் விடுங்கள். நடுப்பகலில் மனிதர்கள் பேசட்டும், தறி ஓடட்டும். பொழுது சாய்ந்து மந்தை திரும்பும்போது வலை கட்டிக் கிடை அமர்த்துவதைக் கூட்டம் பார்க்கட்டும். ஒலிபெருக்கி கட்டினால் ஆடு மிரண்டு சிதறும், அப்புறம் தேடுவது கீதாரிதான்.

கிடா முட்டு வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் கச்சைகட்டிக் கிடாவை இவ்வளவு காலம் ஆசையாக வளர்த்ததற்கு முட்டும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. அந்த ஆசைக்கு வேறு வழி காட்ட வேண்டும். கொம்பின் சுருள், நடை, நெஞ்சகலம், நிறச் சுத்தம் பார்த்துப் பரிசு கொடுங்கள். பரிசுக்கு ஒரு நிபந்தனையும் வையுங்கள்: கிடா இரண்டு வருடமாவது இனம் பெருக்க ஊரிலேயே பொலிக்கு நிற்க வேண்டும். நல்ல கிடாவாகப் பார்த்து பக்ரீத்துக்கோ கோயில் வெட்டுக்கோ முதலில் விற்றுவிடுகிறோம், நின்றுபோகிற நோஞ்சான்தான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன் ஆகிறது. இனம் இப்படித்தான் தேய்கிறது.

பல மந்தைகள் ஓரிடத்தில் கூடும்போது ஆட்டுக்கொல்லி நோய் பரவும் ஆபத்து உண்டு. மூன்று வாரம் முன்னதாகவே வருகிற மந்தைகளுக்கு உங்கள் மருத்துவர்கள் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். ஊசி போடாத மந்தைக்கு அனுமதி இல்லை என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

குழுவில் கீதாரிகள் இருவராவது இருக்கட்டும், மேடை அலங்காரத்துக்காக அல்ல, தேதி குறிக்க. வலசை எப்போது எந்தப் பக்கம் போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அன்று ஆடு கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு இரவுக் கிடைக்கூலியைத் துறையே கொடுத்துவிடுவது நியாயம். ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வருகிறார்கள். தேதி முடிவானதும் இணையத்தில் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். திருமங்கலம் சந்தையில் வெள்ளிக்கிழமை விடியுமுன் துண்டறிக்கை கொடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர்