மூடி போடும் முன் அளந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி பக்கத்து மனைக்குள் நாலேகால் அடி போயிருக்கிறது என்பது, அந்த மனையில் வீடு கட்ட வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டிய அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. தவறு எங்கள் பக்கத்தில்தான். பாதாளச் சாக்கடை வராத சிற்றூர்களிலும் பேரூராட்சிகளிலும் இந்தச் சிக்கல் பல வீடுகளில் மண்ணுக்கடியில் காத்திருக்கிறது என்பதால், எங்களுக்கு நேர்ந்ததையும் அதை நாங்கள் தீர்த்துக்கொண்ட விதத்தையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்தில் பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்தது. 30-க்கு 60 அடி மனையில் என் தந்தை 1992-இல் வீடு கட்டினார். கொல்லையின் ஒரு மூலையில் குடிநீர்க் கிணறு இருந்ததால், அதிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளித் தொட்டியையும், கழிவுநீர் மண்ணில் இறங்குவதற்கான உறைகளையும் மறுமூலையில் வைத்தார். பக்கத்து மனை அப்போது வெறும் தரை. நடுவே கிளுவை வேலி மட்டுமே இருந்தது. மனைக்காரர் தந்தையின் நண்பர் என்பதால், "வேலி ஓரமாப் போட்டுக்க, நான் என்ன நாளைக்கேவா வீடு கட்டப் போறேன்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னாராம். அம்மா சொல்லித்தான் இது எனக்கே தெரியும். தந்தையும் அந்த நண்பரும் இன்று உயிரோடு இல்லை. நண்பரின் மகன் அந்த மனையை 2019-இல் வேறொருவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார்.

வாங்கியவர் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் முறையாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். தரைக்கடியில் இருக்கும் தொட்டியை எந்த வில்லங்கச் சான்றும் காட்டாது. கடப்பாரை சிமெண்டு உறையில் பட்டு 'ணங்'கென்று சத்தம் கேட்டதும், வானத்தின் ஓரத்தில் கறுப்பாக நீர் கசிந்து வந்ததும் வேலையாட்கள் மேலே ஏறிவிட்டார்கள். மனைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, "டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. பிற்பாடு நடந்த எல்லாம் சுமுகமாக முடிந்ததற்கு அந்த முதல் சொல்லே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

உறவினர்கள் எங்களுக்குச் சொன்ன யோசனை வேறாக இருந்தது. முப்பது ஆண்டு கடந்துவிட்டதால் அனுபவ பாத்தியதை வந்துவிட்டது, அசையாதீர்கள் என்றார்கள். வழக்கறிஞரிடம் கேட்டபோது இது எவ்வளவு தவறான எண்ணம் என்பது விளங்கியது. அடுத்தவர் இடத்தை 12 ஆண்டு வைத்திருந்தால் உரிமை வந்துவிடும் என்ற 'எதிரிடை அனுபவ'க் கணக்கு, உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை மறுத்து இடத்தை வைத்திருப்பவருக்கே பொருந்தும். அனுமதி பெற்று அனுபவித்தவர் எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அது அனுமதியாகவே நிற்கும். அடுத்தவர் நிலத்தை வழி, நீர் போன்ற தேவைக்குப் பயன்படுத்துவது பற்றிய 1882-ஆம் ஆண்டின் வசதி உரிமைச் சட்டப்படி 20 ஆண்டு அனுபவத்தால் வரும் உரிமையும், கேட்டு வாங்கிய சலுகையாக இல்லாமல் உரிமையாகவே வெளிப்படையாக அனுபவித்தவருக்குத்தான் உண்டு. மேலும், அனுமதி கொடுத்தவர் சொத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் அந்த அனுமதிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இடம் கொடுத்திருந்தாலும்கூட, அடுத்தவர் சமையலறைக்கு அடியில் எங்கள் மலக்குழி இருப்பதை நாங்கள் உரிமையென்று பேசியிருக்க மாட்டோம்.

இரு வீட்டாரும் சேர்ந்தே அளவைக்கு மனுக் கொடுத்தோம். நில அளவர் வந்து சேர மூன்று மாதம் ஆனது. அதுவரை மனைக்காரர் தோண்டிய வானத்தைத் திறந்தே போட்டு வைத்திருந்தார். சாலையோர எல்லைக்கல் ஒன்று திண்ணைச் சிமெண்டுக்குள் புதைந்து போயிருந்தது. அதைப் பெயர்த்துக் கண்டுபிடித்து, புலப்படத்தோடு (நில அளவைத் துறையின் வரைபடம்) ஒப்பிட்டு நூல் பிடித்தபோது, கிளுவை வேலியே ஒன்றேகால் அடி அவர் பக்கம் நகர்ந்திருந்தது தெரிந்தது. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது போத்து நட்ட இடம் சிறிது சிறிதாகத் தள்ளிப் போயிருக்கிறது. வேலியை எல்லையாக நம்பி இரண்டு குடும்பமும் எத்தனை ஆண்டு வாழ்ந்திருக்கிறோம் என்று அன்றுதான் புரிந்தது.

தொட்டி இருந்த துண்டு நிலத்தை எங்களுக்கே கிரயம் கொடுக்கலாமா என்று பேசிப் பார்த்தோம். கொடுத்தால் அவர் வீட்டு வரைபடத்தில் எல்லையிலிருந்து விட வேண்டிய பக்க இடைவெளி குறைந்துவிடும். தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பதிவுசெய்த பத்திரம் எழுதிக்கொள்வது இன்னொரு வழி; அவர் போடவிருந்த ஆழ்குழாய்க்கு அது நல்லதல்ல. ஆகவே எங்கள் செலவில் தொட்டியை மாற்றுவது, 60 நாளில், ஐப்பசி மழைக்கு முன் முடிப்பது, அதுவரை பழைய தொட்டியைப் பயன்படுத்த அவர் இசைவது, அவர் மறுபுறத்திலிருந்து கட்டுமானத்தைத் தொடங்குவது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அதை வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் கொண்டுபோய், வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசத் தீர்வாகப் பெற்றோம். அத்தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இத்தகைய எல்லைத் தகராறுகளுக்கு இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியாமலிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நாளை எங்கள் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் மாற்றிப் பேச இடமில்லை.

பழைய தொட்டியை மூடுவதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சொற்பக் கூலிக்கு இறங்கி அள்ளிவிடுவதாக ஒருவர் வந்தார். மறுத்துவிட்டோம். நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் தங்கும் நச்சுவாயு, உள்ளே இறங்கியவர் குரல் கொடுக்கும் முன்பே மயக்கிவிடும். உரிய பாதுகாப்பில்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறையே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் சாவுச் செய்திகள் தங்கள் நாளிதழிலேயே வருகின்றன. எங்கள் தொட்டியை லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்பு கொட்டி, மேலிருந்தபடியே இயந்திரத்தால் அடித்தளத்தை உடைத்து, மணலால் நிரப்பினோம். ஒருவர்கூட உள்ளே இறங்கவில்லை.

கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த அளவு. 18 மீட்டர் என்றால் ஏறக்குறைய 59 அடி. எங்கள் மனையின் நீளமே அவ்வளவுதான். வரிசையாக 30-க்கு 60 மனைகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிணறும் ஒரு குழியும் இருந்தால் இந்த விதியை யாராலும் காப்பாற்ற முடியாது. என் தந்தை தன் கிணற்றைக் காப்பாற்ற எண்ணியே அடுத்தவர் மண்ணுக்குள் போனார். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும் எங்கள் படுகையில் இது இன்னும் கேடு. அதனால் புதுத் தொட்டியை லாரிக் குழாய் எட்டும்படி வாசல் பக்கம் கட்டிய நாங்கள், கிணற்று நீரைக் குடிப்பதையும் நிறுத்திவிட்டோம்.

உள்ளாட்சி அமைப்புகளிடம் நான் கேட்பது இதுதான். வரைபட அனுமதி கொடுக்கும்போது தொட்டி எல்லைக் கல்லிலிருந்து எத்தனை அடியில் அமைகிறது என்று குறிக்கச் செய்வதோடு, மேல்மூடி போடும் முன் ஒரு பணியாளர் நேரில் வந்து நாடாப் பிடித்துப் பார்க்க வேண்டும். மூடிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. வானம் தோண்டிய நிலையில் வரும் அளவை மனுக்களை நில அளவைத் துறை முன்னுரிமை கொடுத்து எடுத்துக்கொண்டால், மூன்று மாத இழுபறியில் அண்டை வீட்டார் பகையாளிகளாவதைத் தவிர்க்கலாம்.

புதுத் தொட்டியின் நீள, அகல, ஆழமும், இரண்டு எல்லைக் கற்களிலிருந்து அது இருக்கும் தூரமும் எழுதிய தாளை எங்கள் கிரயப் பத்திரத்தோடு வைத்திருக்கிறோம். அதன் நகல் ஒன்று பக்கத்து வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.